ஏர்கன் பேரலைப் பெரிதாக்க நினைக்கும் தம்பிகளுக்கு



கோவையில் டர்னராக இருந்து, பிறகு சொந்தமாக லேத் பட்டறை போட்டவன் நான். ஓய்வு கிடைக்கும்போது ரைஃபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுவேன். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பதால் உங்களில் சிலர் என்னைத் தேடி வருகிறீர்கள். துணியில் சுற்றிய பேரலை மேசைமேல் வைத்து, "அண்ணா, இது பாயின்ட் ஒன் செவன் செவன். பாயின்ட் டூ டூவா போர் பண்ணித் தர முடியுமா?" என்று கேட்கிறீர்கள். முடியாது என்றால் கூலி போதவில்லையோ என்று கூட்டிச் சொல்கிறீர்கள். அதற்கும் அசையாவிட்டால், வீட்டிலேயே செய்துகொள்ள வழியாவது சொல்லுங்கள் என்கிறீர்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் லேத்தை நிறுத்திவிட்டுப் பேச முடிவதில்லை. அதனால் எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். பேரலின் துளையை அகலமாக்குவதால் உங்கள் துப்பாக்கிக்குப் பலம் கூடாது. ஆனால் நம் நாட்டுச் சட்டம் அந்தத் துளையைத்தான் அளந்து பார்க்கிறது. 0.177 அங்குலம் என்கிற 4.5 மில்லிமீட்டருக்கும் 0.22 அங்குலம் என்கிற 5.5 மில்லிமீட்டருக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு மில்லிமீட்டர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தௌ என்கிற எங்கள் பட்டறைக் கணக்கில் ஏறத்தாழ நாற்பது தௌ. அந்த நாற்பது தௌவில் லாபம் ஏதும் இல்லை. ஆனால் லைசென்ஸ் தேவையில்லாத ஒரு பொருள், ஜாமீனுக்கு அலைய வைக்கும் பொருளாக மாறுவது அதற்குள்தான்.

முதலில் பலம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். உங்களில் பெரும்பாலோர் வைத்திருப்பது ஸ்பிரிங் ஏர்கன். பேரலை மடக்கும்போது உள்ளே பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு கொக்கியில் நிற்கிறது. டிரிகரை இழுத்ததும் ஸ்பிரிங் விரிந்து பிஸ்டனை முன்னால் அடிக்கிறது. சிலிண்டரில் இருந்த காற்று கண் இமைப்பதற்குள் இறுகி, சூடேறி, சின்னத் துளை வழியாகப் பேரலுக்குள் பாய்ந்து பெல்லட்டைத் தள்ளுகிறது. அந்தத் துப்பாக்கியின் மொத்தப் பலமும் நீங்கள் மடக்கியபோது உங்கள் கை ஸ்பிரிங்குக்குக் கொடுத்ததுதான். அதிலும் ஒரு பகுதிதான் பெல்லட்டுக்குப் போய்ச் சேர்கிறது. பேரலைக் குடைவதால் ஸ்பிரிங்கில் ஒரு ஜூல்கூட ஏறாது.

கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரண 0.177 பெல்லட் ஒன்றின் எடை சுமார் 0.55 கிராம். அது நொடிக்கு 250 மீட்டர் வேகத்தில் கிளம்பினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 17 ஜூல். 0.22 பெல்லட் 0.93 கிராம் அளவில் இருக்கும். அதே 17 ஜூலை அதற்குக் கொடுத்தால் வேகம் 190 மீட்டர் பக்கம் இறங்கிவிடும். காற்றின் தடையை விட்டுவிட்டுப் பார்த்தாலும், 30 மீட்டர் தூரத்தில் முதல் பெல்லட் 7 சென்டிமீட்டர் தாழும். இரண்டாவது 12 சென்டிமீட்டர் தாழும். தூரத்தைக் கொஞ்சம் தப்பாக மதிப்பிட்டாலும் குறி கீழே போய்விடும். இதுவரை நேராகப் போய்க்கொண்டிருந்த துப்பாக்கியை வளைந்து போக வைப்பதற்குத்தான் நீங்கள் கூலி கொடுக்க வருகிறீர்கள்.

ஒரே மாடலை இரண்டு அளவிலும் செய்கிற நிறுவனங்களின் ஸ்பிரிங் துப்பாக்கிகளில் 0.22 கொஞ்சம் கூடுதல் ஜூல் காட்டுவது உண்டு, மறுக்கவில்லை. பெல்லட்டின் பின்பக்கப் பரப்பு அதிகம் என்பதால் காற்று அதைச் சுலபமாகத் தள்ளும். ஆனால் அது பிஸ்டனின் எடை, அது ஓடும் தூரம், காற்றுத் துளையின் அளவு, பேரலின் நீளம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துத் தொழிற்சாலையில் எடுத்த பலன். பெல்லட்டின் எடை மாறினால் பிஸ்டன் முன்னால் போய் நிற்கிற விதம் மாறும். காற்று மெத்தையில் மோதித் திரும்பும், இல்லையென்றால் சிலிண்டர் முனையில் நேரடியாக அடிக்கும். பேரலை மட்டும் மாற்றிவிட்டு மற்றதெல்லாம் பழையபடி இருக்கட்டும் என்றால் ஸ்பிரிங்கும் சீலும் அதற்கு ஒத்துப்போகாது.

பெரிய துளைக்கு நிறையக் காற்று வேண்டும் என்பது இன்று கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1780 வாக்கில் ஆஸ்திரியப் படைக்காக ஜிரார்தோனி என்பவர் செய்த காற்றுத் துப்பாக்கியின் துளை ஏறத்தாழ 11.75 மில்லிமீட்டர். இருபது குண்டுகளை வரிசையாக ஏற்றி அடுத்தடுத்துச் சுடலாம். பின்னாளில் அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும் அந்த வகைத் துப்பாக்கி ஒன்றைக் கொண்டுபோனார்கள். அதற்குப் பலம் கொடுத்தது பின்கட்டையாகவே இருந்த காற்றுக் குடுவை. அதை நிரப்ப ஏறத்தாழ 1,500 முறை பம்ப் அடிக்க வேண்டும். முதலில் காற்றைச் சேர்த்துவிட்டு அதற்கேற்ப அகலமான பேரலை வைத்தார்கள். நீங்கள் கேட்பது காற்றைக் கூட்டாமல் பேரலை மட்டும் அகலமாக்குகிற வேலை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். 0.22 என்றதும் உங்களில் பலர் மனதில் வருவது வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் பாயின்ட் டூ டூ ரைஃபிள். அந்தத் தோட்டாவின் ஆற்றல் 140 ஜூல் அளவுக்கு இருக்கும். ஸ்பிரிங் ஏர்கன் 20 ஜூலைத் தொட்டாலே பெரிது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பேரலின் எண் மட்டும்தான். ஏர்கன் பேரலை 0.22 ஆக்கினால் அந்த ரைஃபிளின் பலத்தில் ஒரு பங்காவது வந்துவிடும் என்று நினைப்பது வெறும் ஆசை.

அடுத்தது பட்டறை வேலை. பேரல் என்பது வெறும் இரும்புக் குழாய் இல்லை. உள்ளே ரைஃப்ளிங் இருக்கிறது. அதாவது திருகுபோல் சுற்றிப் போகும் மெல்லிய பள்ளங்கள். ஏர் ரைஃபிள் பேரல்களில் பெரும்பாலும் 12 பள்ளம் இருக்கும். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு முழுச் சுற்று. பெல்லட்டின் ஈய உடம்பு அந்தப் பள்ளங்களில் பதிந்து சுழன்றுகொண்டு வெளியே வருவதால்தான் குறி தவறாமல் போகிறது. அந்தப் பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். துளையை ஒரு மில்லிமீட்டர் அகலமாக்கினால் ரைஃப்ளிங் முழுவதும் சீவலாக வெளியே வந்துவிடும். மிஞ்சுவது வழவழப்பான குழாய். பெல்லட் இறகுப்பந்து மாதிரி வால்பக்கத் தடையை மட்டும் நம்பிப் பறக்கும். பக்கத்தில் பட்டாலும் படும், தூரத்தில் எங்கே போகும் என்று சுடுகிறவனுக்கே தெரியாது.

துளையாவது நேராக வருமா என்றால் அதுவும் இல்லை. 5.5 மில்லிமீட்டர் அகலத்தில் 40 சென்டிமீட்டர் ஆழம் என்றால் அகலத்தைப் போல் எழுபது மடங்குக்கு மேல் நீளம். சாதாரண ட்ரில் பிட் அவ்வளவு தூரம் நேராகப் போகாது. பாதி வழியிலேயே ஒருபக்கம் திரும்பிவிடும். பேரல் செய்கிற தொழிற்சாலைகள் இதற்கென்றே தனி மெஷின் வைத்திருக்கின்றன. எண்ணெயை அழுத்தத்தில் உள்ளே செலுத்தி, சீவலை வெளியே தள்ளிக்கொண்டு, நீளத் துளை போடுகிற மெஷின் அது. அதற்குப் பிறகு ரைஃப்ளிங் போட வேறு கருவி. பம்ப் ஷாஃப்ட்டில் அரை தௌ ஆட்டத்துக்குள் நிற்கிற நல்ல டர்னரிடமும் அந்த மெஷின் இருக்காது. கை ட்ரில்லிலும் வீட்டு வைஸிலும் செய்கிறேன் என்றால் உருப்படியான பேரல் கிடைக்காது, இருந்த பேரலும் போய்விடும்.

உடம்புக்கு ஆபத்தும் உண்டு. ஏர்கனைப் பிரிக்கும்போது ஸ்பிரிங் முழுவதும் தளர்ந்திருக்காது. முன்னமே கொடுத்த அழுத்தத்தோடுதான் உட்கார்ந்திருக்கும். பின்பக்கத் திருகைத் தெரியாமல் கழற்றினால் அந்தத் துண்டு முகத்தை நோக்கி வரும். காற்றைச் சிலிண்டரில் அடைத்து வைக்கும் பிசிபி வகையில் உள்ளே 200 பார் அழுத்தம் நிற்கும். கார் டயரில் நாம் அடிப்பது இரண்டரை பார். அந்தச் சிலிண்டர் பக்கம் ட்ரில்லைக் கொண்டுபோகிறவனுக்கு நான் எந்த யோசனையும் சொல்ல மாட்டேன். பலம் கூடும் என்று ஸ்பிரிங் சிலிண்டருக்குள் எண்ணெய் விடுகிற பழக்கமும் சிலரிடம் இருக்கிறது. இறுகிய காற்றின் சூட்டில் அந்த எண்ணெய் வெடித்து எரியும். சத்தம் பெரிதாகக் கேட்கும், சீல் கருகும், ஸ்பிரிங் உடையும்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் பட்டறை வைத்திருக்கிறவன் தன் தொழிலைத் தொடுகிற சட்டத்தைப் படித்தே ஆக வேண்டும், படித்திருக்கிறேன்.

நீங்கள் பார்க்கும் வீடியோக்களில் பாதி அமெரிக்காவிலிருந்து வருபவை. அங்கே 0.22, 0.25, ஏன் 0.357 ஏர்கன்கூட ஆளாளுக்கு வைத்திருப்பதைப் பார்க்கிறீர்கள். அமெரிக்க மத்தியச் சட்டத்தின் கணக்கில் வெடிபொருளின் விசையால் குண்டைத் தள்ளுவதுதான் துப்பாக்கி. காற்றால் தள்ளுவது அந்த வரையறைக்குள் வராது. மாநிலங்கள் தனியாகப் போட்ட கட்டுப்பாடுகள் வேறு கதை. பிரிட்டனில் ஏர் ரைஃபிளின் ஆற்றல் 12 அடி-பவுண்டுக்குள், அதாவது 16 ஜூல் சொச்சத்துக்குள் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். துளை எத்தனை மில்லிமீட்டர் என்பது அங்கே கேள்வி இல்லை. ஸ்காட்லாந்தில் மட்டும் 2016 கடைசி நாளிலிருந்து ஏர்கனுக்குச் சான்றிதழ் கட்டாயம். ஜெர்மனியில் 7.5 ஜூலுக்கு உட்பட்ட துப்பாக்கியில் ஐங்கோணத்துக்குள் 'எஃப்' எழுத்துப் பொறித்திருக்கும். அங்கேயும் கணக்கு ஜூல்தான்.

நம் நாட்டில் கதையே வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கி என்பதை வரையறுக்கும்போது வெடிபொருளோடு நிற்கவில்லை. வேறு எந்த வகை ஆற்றலால் குண்டைத் தள்ளினாலும் அது துப்பாக்கிதான் என்கிறது. அந்தக் கணக்கில் உங்கள் ஏர்கனும் துப்பாக்கியே. மெரினா மணலில் பலூன் சுடக் கொடுக்கிறார்களே, அதுவும்தான். அப்படியானால் லைசென்ஸ் இல்லாமல் எப்படி வாங்கினோம் என்று கேட்பீர்கள். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் தந்த விலக்கால் வாங்கினீர்கள். துளை 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆற்றல் 20 ஜூலைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு வரம்புக்குள்ளும் நிற்கும்வரைதான் கடைக்காரர் அடையாள அட்டையையும் முகவரிச் சான்றையும் வாங்கிக்கொண்டு உங்களிடம் துப்பாக்கியைக் கொடுக்கலாம்.

பிரிட்டனும் ஜெர்மனியும் ஆற்றலைப் பார்த்துக் கோடு போட்டன. நாம் ஆற்றலோடு துளையையும் சேர்த்துக்கொண்டோம். பத்து ஜூல்கூட எட்டாத நோஞ்சான் ஏர்கனாக இருந்தாலும், துளை 5.5 மில்லிமீட்டர் என்றால் அது லைசென்ஸ் ஆயுதம். "பவர் கம்மிதான் சார்" என்று சொல்லித் தப்ப முடியாது. பெட்டியிலும் பேரலிலும் 0.177 என்று அச்சிட்டிருப்பதும் உதவாது. தடயவியல் கூடத்தில் அளப்பது உள்ளே இருக்கிற துளையை.

மாற்றுகிற செயலுக்குத் தனித் தண்டனை இருப்பது உங்களில் பலருக்குத் தெரியவே இல்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வது, மாற்றுவது, பழுது பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றையும் ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு தடுக்கிறது. ஆயுத விதிகளில் சொன்ன ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதையும் 2019 திருத்தம் 6ஆம் பிரிவில் சேர்த்தது. இவற்றுக்கு 25ஆம் பிரிவின் தண்டனை, அந்தத் திருத்தத்துக்குப் பிறகு, 7 ஆண்டுக்குக் குறையாத சிறை, ஆயுள்வரை போகலாம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு. எந்தப் பிரிவில் வழக்குப் போடுவார்கள், எது நிற்கும் என்பதெல்லாம் போலீசும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும் விஷயம். ஆனால் வாதம் அந்தப் பிரிவுகளைச் சுற்றித்தான் நடக்கும். படிப்பு, அரசு வேலை, வெளிநாட்டு விசா என்று வரிசையாகக் காத்திருக்கிற வயதில் இருக்கிறீர்கள். ஒரு முதல் தகவல் அறிக்கை அதையெல்லாம் எத்தனை வருடம் தள்ளிப் போடும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இடத்தில் என் சக பட்டறைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கணபதியிலும் பீளமேட்டிலும் சின்ன லேத் போட்டிருக்கிற தம்பிகளும் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். "பைப்புதானே, துளையைப் பெரிசு பண்ணிக் கொடுப்போம்" என்று நீங்கள் எடுக்கிற ஜாப், சட்டத்தின் கண்ணில் ஆயுதத்தை மாற்றுகிற வேலை. துப்பாக்கியைக் கொண்டுவந்தவனுக்கு உள்ள அதே பிரிவு மெஷின் ஓட்டியவனுக்கும் பொருந்தும். முழுத் துப்பாக்கியாகக் கொண்டுவர மாட்டார்கள், பேரலை மட்டும் கழற்றிக் கொண்டுவருவார்கள். உள்ளே எட்டிப் பாருங்கள். திருகுப் பள்ளம் தெரிந்தால் வேலையை எடுக்காதீர்கள். தெரிந்த பையன், சொந்தக்காரப் பையன் என்று தாட்சண்யம் பார்த்தால் லேத்தே சான்றுப் பொருளாகி ஸ்டேஷன் வாசலில் துருப்பிடிக்கும்.

சரி, ஏன் பெரிதாக்க வேண்டும்? கேட்டால் சொல்கிற காரணங்கள் பெரும்பாலும் இவைதான். தோட்டத்துக்கு மயில் வருகிறது, காட்டுப்பன்றி வருகிறது, தெருநாய் தொல்லை. இன்னும் சிலர் வெளிப்படையாகவே, கொக்கு, மடையான் அடிக்க 0.177 போதவில்லை என்கிறார்கள்.

விவசாயியின் வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியாதது அல்ல. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரே இரவில் வாழைத் தோட்டம் உழுத நிலம் மாதிரி ஆகிவிடுவதைப் பார்த்தவர்களுக்குப் பன்றிமேல் இரக்கம் வராது. ஆனால் ஏர்கன் அதற்கு மருந்தாகாது. 20 ஜூல் பெல்லட் பன்றியின் தடித்த தோலிலும் கொழுப்பிலும் சிக்கி நிற்கும். காயம்பட்ட பன்றி அடுத்த வரப்பில் நிற்கிற ஆளைத்தான் குத்தும். காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டப் பட்டியலில் இருக்கிற விலங்கு. சுடும் அதிகாரத்தைத் தமிழ்நாடு அரசு வனத்துறை ஆட்களுக்கு மட்டுமே, அதுவும் காப்புக்காட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால்தான், கொடுத்திருக்கிறது. பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு கேட்டு வனத்துறையில் மனுக் கொடுக்கலாம். அந்த வழி இழுபறிதான், ஆனால் உங்களைச் சிறையில் கொண்டுபோய் விடாது.

மயிலின் நிலை இன்னும் கடுமை. அது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். காகம், எலி போன்ற சிலவற்றைத் தொல்லை உயிர்கள் என்று தனியாகப் பட்டியல் போட்டு விட்டுவைத்திருந்த பழைய ஐந்தாம் அட்டவணையும் 2022 திருத்தத்தோடு போய்விட்டது. நாயைச் சுட்டாலும் வழக்குத்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் 5 ஆண்டுவரை சிறை இருக்கிறது. மாற்றிய துப்பாக்கியால் ஒரு பறவையை அடித்தால் இரண்டு சட்டங்களில் இரண்டு வழக்கு, ஒரே நாளில்.

குறி தவறினால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள். 0.177 பெல்லட் மனிதத் தோலைத் துளைக்க நொடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகம் வேண்டும் என்பது தடயவியல் சோதனைகளில் கண்டது. எடை கூடிய 0.22 பெல்லட்டுக்கு 75 மீட்டரே போதும். கண்ணுக்கு இவ்வளவுகூட வேண்டாம். அதாவது தூரத்தில் வேகம் குறைந்து விழுகிற பெரிய பெல்லட்டும் பக்கத்துத் தோட்டத்தில் களையெடுக்கிற அம்மாவைக் காயப்படுத்தும். ரைஃப்ளிங் போன பேரலிலிருந்து கிளம்பியது எந்தத் தோட்டத்தில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேட்டைக்கு அல்ல, குறிபார்க்கும் ஆசைக்குத்தான் என்கிற தம்பிகளுக்கு மகிழ்ச்சியாகச் சொல்ல என்னிடம் நிறைய இருக்கிறது. உங்களிடம் இருக்கிற 4.5 மில்லிமீட்டர்தான் ஒலிம்பிக் அளவு. 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் ஏர் பிஸ்டலிலும் உலகம் முழுக்க அந்த ஓர் அளவுக்குத்தான் அனுமதி. 5.5 மில்லிமீட்டர் பேரலோடு போனால் சோதனை மேசையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வாங்கியது இந்த 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டில்தான். 2012இல் லண்டனில் வெண்கலம் வாங்கிய ககன் நாரங் சென்னையில் பிறந்தவர். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் நின்றவர். போட்டித் துப்பாக்கியிலிருந்து பெல்லட் கிளம்புகிற வேகம் நொடிக்கு 170 மீட்டர் பக்கம்தான் இருக்கும். ஏழெட்டு ஜூல். நீங்கள் போதவில்லை என்று தூக்கிக்கொண்டு வருகிற துப்பாக்கியில் பல அதைவிடப் பலமானவை.

அந்தப் போட்டியின் இலக்கைக் கையில் வாங்கிப் பாருங்கள். முழு இலக்கின் குறுக்களவே 45.5 மில்லிமீட்டர். நடுவில் இருக்கிற பத்துப் புள்ளி அரை மில்லிமீட்டர்; பேனாவால் ஒரு புள்ளி வைத்தால் அதை மறைத்துவிடலாம். 10 மீட்டர் தள்ளி நின்று, கையால் மட்டுமே துப்பாக்கியைத் தாங்கி, அதைத் தொட வேண்டும். நல்ல ஆட்கள் அறுபது முறை சுட்டு ஏறத்தாழ அறுபதும் பத்தில் வைக்கிறார்கள். துளையைப் பெரிதாக்கிக் குறியைச் சுலபமாக்கலாம் என்று நினைப்பவன் இந்த இலக்கின் முன்னால் ஒருமுறை நிற்க வேண்டும். மூச்சு, நிற்கிற நிலை, டிரிகரைத் தொடும் விரல், சுட்ட பிறகும் அசையாமல் இருப்பது என்று இதில் கற்க வேண்டியது ஆயுள் முழுதும் இருக்கிறது. அதில் ஒன்றைக்கூட லேத்தில் கடைந்து தர முடியாது.

செலவழிக்கக் கையில் காசு இருந்தால், அதை எதில் போடலாம் என்றும் சொல்கிறேன். மலிவான பெல்லட்டை விட்டுவிட்டு, ஒரே டப்பாவில் எடையும் அளவும் சீராக இருக்கிற பெல்லட் வாங்குங்கள். சில வகைகளை எடுத்து உங்கள் பேரலுக்கு எது பிடிக்கிறது என்று சுட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பேரலுக்கும் பிடித்தது ஒன்று இருக்கும். பேப்பர் இலக்குக்கு முனை தட்டையான பெல்லட்; வட்டமாக வெட்டிக்கொண்டு போவதால் எண்ணிப் பார்க்க வசதி. பேரலைத் துடைத்துச் சுத்தமாக வையுங்கள். ஆணிகளும் ஸ்கோப் மவுண்டும் ஆடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பிரிங் ஏர்கன் முன்னும் பின்னும் உதறும், அந்த உதறலில் திருகெல்லாம் தளரும். குறி தவறுவதற்குப் பல சமயம் இதுதான் காரணம். ஸ்பிரிங்கும் சீலும் தேய்ந்திருந்தால், துப்பாக்கியைப் பழுது பார்க்க லைசென்ஸ் வைத்திருக்கிற கடையில் அசல் உதிரியைக் கொடுத்து மாற்றுங்கள். பிரித்துப் போட்டுக் கோக்கத் தெரியும் என்கிற நண்பன் வேண்டாம்.

சென்னை, கோவை, மதுரை மூன்றிலும் ரைஃபிள் கிளப் இருக்கிறது. முறையாகச் சேர்ந்து, பயிற்சி எடுத்து, மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று போகிற வழி அங்கே தொடங்குகிறது. சொந்தத் துப்பாக்கி கட்டாயம் இல்லை, கிளப் துப்பாக்கியிலேயே பழகலாம்.

எல்லாம் தெரிந்தும் 0.22 ஏர் ரைஃபிள்தான் வேண்டும் என்கிற ஆசை போகவில்லையா? அதற்கும் நேர்வழி இருக்கிறது. மாநகரக் காவல் ஆணையரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ ஆயுத லைசென்ஸுக்கு விண்ணப்பியுங்கள். ஏன் வேண்டும் என்று கேட்பார்கள், காவல்துறை விசாரிக்கும், காலம் பிடிக்கும், கிடைக்காமலும் போகலாம். கிடைத்தால் தொழிற்சாலையில் அந்த அளவுக்கென்றே கடைந்து, ரைஃப்ளிங் போட்டு, எண் பொறித்து வந்த துப்பாக்கியைக் கடையில் பில் போட்டு வாங்குங்கள். அது நன்றாகச் சுடும், உங்களுக்கும் தூக்கம் வரும்.

கடைசியாக, ஏற்கெனவே மாற்றி வைத்திருக்கிறவர்களுக்கு. அதை இன்னொருவருக்கு விற்றுவிடலாம் என்று நினைக்காதீர்கள். தெரியாமல் வாங்குகிறவர் லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தோடு மாட்டுவார், உங்கள்மேல் விற்ற குற்றமும் சேரும். கிணற்றில் போடுவதும் தீர்வல்ல, கோயமுத்தூர்க் கிணறுகள் கோடையில் வற்றும். குற்றவியல் வழக்குகள் பார்க்கிற நல்ல வழக்கறிஞர் ஒருவரை முதலில் பாருங்கள். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். ஒப்படைப்பதற்கு எது சரியான வழி என்று அவர் சொல்வார். அதுவரை யாருக்கும் காட்டாதீர்கள், யாரையும் தொட விடாதீர்கள், வாட்ஸ்அப்பில் படம் போடாதீர்கள்.

இன்னும் மாற்றாதவர்கள் பேரலைத் துணியில் சுற்றிக்கொண்டு என் பட்டறைக்கு வர வேண்டாம். துப்பாக்கியை உறையில் போட்டு, ஒரு டப்பா பெல்லட்டோடு ஞாயிறு காலை கிளப்புக்கு வாருங்கள். முதலில் நிற்கக் கற்றுத் தருகிறேன், பிறகு சுடலாம்.

அன்புடன்,
கோவையிலிருந்து ஒரு டர்னர்